உங்களுக்குத் தெரியுமா? சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

மார்ச் 21 இனப்பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக நாள். டிசம்பர் 10 மனித உரிமை நாள். நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் கூட்டம் போட்டுக் கொண்டாடும் தூரத்து நாள்களாகவே இவை நமக்குத் தோன்றும். கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, ரவாங், பத்தாங் காலி என்று ஒரு சுற்றுப் போய்வந்தால் அந்த எண்ணம் மாறிவிடும். இந்த மண்ணில் சமத்துவத்தைக் கேட்டவர்கள் பால் வாளியும் உளியும் பிடித்தவர்கள். அவர்கள் கேட்டவை மிகச் சிறிய விஷயங்கள். அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

● தோட்டத்துச் சாலையில் தொழிலாளி சைக்கிளில் வருகிறார், எதிரே தோட்ட நிர்வாகியான தொரை வருகிறார். தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எழுத்தரான கிராணி வந்தாலும் அப்படித்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், கோரிக்கைப் பட்டியலில் இதுவும் இருந்தது: 'இனிச் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.' சம்பள உயர்வு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, வேலைக்காட்டில் பெண்களிடம் முறைதவறி நடப்பதை நிறுத்துவது, சங்கம் அமைக்கும் உரிமை, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை ஆகிய எல்லாவற்றோடும் இந்தச் சைக்கிளும் சேர்ந்து நின்றது. வயிற்றுக்கும் மானத்துக்கும் ஒரே தாளில் நியாயம் கேட்டவர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் இருந்த கூட்டம் அது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

● அந்தப் போராட்டத்தை நடத்தியவர் ஆர்.எச்.நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். 1941 மே மாதத் தொடக்கத்தில் அவரைக் கைது செய்ததும் தோட்டங்கள் கொதித்தன. படை வந்தது, அவசரநிலை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்க, இந்தக் கதை பெரிய கதைக்குள் புதைந்துபோனது.

● அந்த 1941 கோரிக்கைப் பட்டியலில் முதன்மையான ஒன்று, சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை இந்தியத் தொழிலாளிக்கும் கொடுங்கள் என்பது. ஒரே வேலைக்கு இனம் பார்த்துக் கூலி கொடுத்த காலம். பெண்ணென்றால் இன்னும் குறைவு. 1930களில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வகுத்த கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் அதுவும் வெட்டப்பட்டது. மரம் ஒன்று, உளி ஒன்று, மங்கில் வடியும் பாலும் ஒன்று. கூலி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

● மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியானது. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் இல்லை, பெண்ணுக்குத் தனிக் கணக்கும் இல்லை. 1941இல் கேட்டதற்கு எழுதப்பட்ட பதில் கிடைக்க 72 ஆண்டுகள் பிடித்தன.

● நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நடப்பட்டது கோலசிலாங்கூர் மாவட்டத்தில். அதன் பெயர் தென்னமாரம். ஆங்கில எழுத்தில் பார்த்தால் புரியாது, காதால் கேட்டால் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை: தென்னைமரம்! நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் அழகுக்காக வளர்த்த பனைகளிலிருந்து இந்தத் தொழில் தொடங்கியது. பிற்காலத்தில் அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் பெயர் இலக்கிய வரலாற்றில் இருக்கிறது. காடு வெட்டிக் குழி தோண்டிய கைகளுக்கு எங்கும் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரில் மட்டும் அவர்களுடைய மொழி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

● தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் யாருடைய கருணையிலும் முளைத்தவை அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார், குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகைதான் வகுப்பறை. சட்டத்தை இப்படிப் பெயருக்கு நிறைவேற்றியதால்தான், 18 ஆண்டு கழித்துப் போராடியவர்கள் 'ஒழுங்கான' கல்வி வேண்டும் என்று அழுத்திக் கேட்டார்கள்.

● பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்ற நாள் 1948 டிசம்பர் 10. மறுநாள் பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் பத்தாங் காலி அருகே சுங்கை ரெமோக் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஆண்களைப் பிரித்து வைத்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். டிசம்பர் 12 முடிவதற்குள் 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள், குடியிருப்பு எரிக்கப்பட்டது. அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. தப்பியோடியவர்களைச் சுட்டதாகவே அரசு சொல்லிவந்தது. 1970இல் அந்தப் படையில் இருந்த சிலர் லண்டன் பத்திரிகை ஒன்றில் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். விசாரணை தொடங்கி, பாதியில் நின்றது. உறவினர்கள் விடவில்லை. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2015 நவம்பரில் அது தள்ளுபடியானது. பொது விசாரணை நடத்த அரசைக் கட்டாயப்படுத்த முடியாது, காலம் கடந்துவிட்டது என்றது தீர்ப்பு. பிரகடனத்தில் மை காயும் முன் நம் சிலாங்கூர் மாநிலத்தில் நடந்தது இந்தப் படுகொலை. இறந்தவர்கள் தமிழர் இல்லை என்பதால் இது நம் வரலாறு இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அவர்களும் தோட்டத்து மனிதர்கள்.

● ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம் 1949 மார்ச்சில் கைதானவர் எஸ்.ஏ.கணபதி. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரையும் ஒரே கொடியின் கீழ் திரட்டிய அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில், இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும், அதே ஆண்டு மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலில் உடன்பாடு இல்லாதவர்களும் உண்டு. ஆனால் இனம் கடந்து உழைப்பாளிகளைச் சேர்த்த ஒரு சங்கத்துக்குத் தமிழர் ஒருவர் தலைவராக இருந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

● மார்ச் 21 ஏன்? 1960இல் அந்த நாளில் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில் ஊரில் கறுப்பின மக்கள் 'பாஸ்' சட்டத்தை எதிர்த்துக் கூடினார்கள். எங்கு போனாலும் கையில் அனுமதிப் புத்தகம் இருக்க வேண்டும் என்ற சட்டம் அது. போலீஸ் சுட்டதில், அன்றைய கணக்குப்படி 69 பேர் இறந்தார்கள். 1966இல் ஐ.நா. அந்த நாளை இனப்பாகுபாட்டுக்கு எதிரான நாளாக அறிவித்தது. அதே மண்ணில் அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழர் உள்ளிட்ட நம்மவர்கள் அந்த வகைச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவருக்கு வயது 16.

● ஷார்ப்வில் சூடு ஆறுமுன், 1960 மே மாதத்தில் லண்டனில் கூடிய காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் இந்தக் கொடுமையை எழுப்பியவர் நம் துங்கு அப்துல் ரஹ்மான். சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட நிறையாத நாட்டின் பிரதமர். மற்ற நாட்டின் உள்விவகாரம் பேசக் கூடாது என்ற மரபை மீறிப் பேசினார். மறு ஆண்டு தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது.

● இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தம் 1965இல் வந்தது. மலேசியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. 2018இல் அரசு அதை ஏற்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. அன்று துங்கு காட்டிய துணிவை நினைத்தால் மனம் கனக்கிறது.

● நம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. மதம், இனம், வம்சம், பிறந்த இடம் காரணமாகப் பாகுபடுத்தக் கூடாது என்பது முதலிலிருந்தே இருந்தது. 'பாலினம்' என்ற சொல் சேர்ந்தது 2001இல்தான். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்குச் சட்டம் இயற்றப்பட்டது 1999இல்.

● ஒரு துண்டு அட்டை ஒரு தலைமுறையின் விதியை மாற்றியதும் நம் ஊரில்தான். 1968இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய 'பெர்மிட்' எடுக்க வேண்டும் என்றது. அப்படிக் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரம் பேர் அடுத்த ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலருக்கு இந்தியா என்பது கேள்விப்பட்ட ஊர் மட்டுமே. குடியுரிமைக்கு மனுப் போட வேண்டிய நேரத்தில் போடாதது அவர்கள் குற்றம் என்பார்கள். மனுவைப் படித்துச் சொல்லத் தோட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

● நமக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களையே சாதி பார்த்துப் பிரித்த தோட்டங்கள் இருந்தன. சாதி ஒழிப்பைப் பேசிய பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கியபோது வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. சாதி, மத வேறுபாட்டை மறந்து தமிழர் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்று இதழாளர் கோ.சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். மலாயாவிலும் ஊர் ஊராக அது நடந்தது. 2011இல் 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலானபோது, அதிலிருந்த சாதிப் பெயர் ஒன்று நம்மைக் காயப்படுத்தியது. நாடெங்கும் எதிர்த்தோம், ஆண்டு முடிவில் நூல் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தது சரியே. ஆனால் அந்தச் சொல்லை இந்த நாட்டுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் நாம்தான். கல்யாணப் பேச்சில் இன்றும் அதை மெல்லிய குரலில் கேட்கிறவர்களும் நாம்தான்.

● 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். பல இனத்தவர் ஒரே மேசையில் சாப்பிடும் பழக்கமே அங்கீகரிக்கப்பட்டது. புக்கிட் ரோத்தான் பக்கம் எந்த ஒட்டுக்கடையிலும் காலை ஏழு மணிக்கு இதைப் பார்க்கலாம்.

● பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அதைச் சுற்றியுள்ள மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல்லாண்டு போராடின. தோட்டம் கைமாறும், வேலை போகும், வேலையோடு வீடும் போகும் என்பதுதான் லயத்து வாழ்க்கையின் அடிப்படை அநியாயம். கேட்டவர்களில் பலர் வீட்டைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் அரசு வீடமைப்புத் திட்டம் வந்தது.

● இன்று தோட்டங்களில் பெரட்டு எனும் காலை அணிவகுப்புக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும். நம் பாட்டன்மார் போலவே ஏஜென்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். 2020இல் கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி, இரண்டு பெரிய மலேசியச் செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அந்த அறிகுறிகளில் ஒன்று தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது. பலர் இதை நிர்வாக வழக்கம் என்றே நினைக்கிறார்கள். மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, இன்னொருவரின் கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். உங்கள் கடையிலோ தோட்டத்திலோ பட்டறையிலோ யாருடையதாவது இழுப்பறையில் பூட்டிக் கிடந்தால், இன்றைக்கே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.