பென்னாகரத்துக் காட்டில் வேட்டை

புலிக் கதை கேட்காமல் வளர்ந்த குழந்தை தமிழ் நாட்டில் அரிது. பாட்டி சொல்லும் கதையில் புலி பேசும். சில சமயம் ஏமாந்தும் போகும். ஆனால் தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம், ஒகேனக்கல், கெம்பகரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் சொல்லப்பட்ட புலிக் கதைகள் வேறு விதமானவை. அவற்றில் விறகு பொறுக்கப் போனவள் திரும்பி வரமாட்டாள். மாட்டுப் பட்டிக்குக் காவல் இருந்தவனுடைய கம்பளி மாத்திரம் காலையில் கிடைக்கும். இந்தக் கதைகளை உலகம் முழுவதும் படிக்கும்படி செய்தவர் கென்னெத் ஆண்டர்ஸன் என்ற பெங்களூர்வாசி.

ஆண்டர்ஸன் 1910-ம் வருஷம் பிறந்து 1974-ல் காலமானார். ஸ்காட்லாந்து வமிசத்தைச் சேர்ந்தவரானாலும், அவர் குடும்பம் பல தலைமுறைகளாக இந்தியாவில் வேரூன்றியது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் அவருக்கு உத்தியோகம். விடுமுறை கிடைத்தால் போதும். துப்பாக்கியும் டார்ச் விளக்கும் தேநீர்க் குப்பியுமாகக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்நாளில் இந்தக் காடெல்லாம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தர்மபுரி தனி ஜில்லாவானது 1965-ல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். 1939 முதல் 1966 வரையில் ஆட்கொல்லிகளென்று ஸர்க்கார் பதிவு பெற்றவைகளில் ஏழு புலிகளையும் எட்டுச் சிறுத்தைகளையும் அவர் சுட்டதாகக் கணக்கு. 1954-ல் வெளியான அவருடைய முதல் நூல் ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு போக்கிரி யானையையும் பற்றியது. அவர் கதைகளில் சுவைக்காகச் சேர்த்த சரக்கும் உண்டென்று சொல்வோர் இருக்கிறார்கள். இருக்கட்டும், காட்டைப் பற்றி அவர் சொல்லும் செய்திகள் வெறும் கற்பனையால் எழுதக் கூடியவை அல்ல.

காட்டின் பள்ளிக்கூடம்

துரைமார்களின் வேட்டைப் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செத்த புலியின்மேல் ஒரு காலை ஊன்றி, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார் துரை. படத்தின் ஓரத்தில், பாதி மறைந்தாற்போல், கோவணம் கட்டிய ஒரு மனிதர் நிற்பார். படத்தின் கீழே துரையின் பெயர் உண்டு. அவர் பெயர் இராது. புலி எங்கே படுத்திருக்கிறதென்று கண்டுபிடித்தவர் பெரும்பாலும் அவர்தான்.

ஆண்டர்ஸன் இந்த விஷயத்தில் நன்றி மறக்காதவர். சின்னாற்றங்கரையில் மண்ணைக் குடைந்து, அந்தப் பொந்திலேயே குடும்பம் நடத்திய பைரா என்பவரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். பைரா பூசாரி என்று அவர் குறிப்பிடும் காட்டு ஜாதியைச் சேர்ந்தவர். அநுமதி இல்லாமல் மான் சுடுவதற்காகப் பதுங்கியிருந்த சமயத்தில்தான் ஆண்டர்ஸன் கண்ணில் பட்டார். காட்டிக் கொடுத்திருந்தால் சிறைதான். ஆண்டர்ஸன் அப்படிச் செய்யவில்லை. அன்று தொடங்கிய சிநேகம் வெகு காலம் நீடித்தது. பென்னாகரத்து ரங்கா என்ற மற்றொரு துணைவரும் அவர் கதைகளில் அடிக்கடி வருகிறார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இன்றி இந்தியக் குடியானவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. காடுகளோ ரிஸர்வ் காடுகளாகிவிட்டன. தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்து வந்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். யானையைச் சுடுவதை 1873-ம் வருஷத்துச் சென்னைச் சட்டம் தடுத்தது. போக்கிரி யானை என்று அதிகாரிகள் விளம்பரம் செய்த பிறகே சுடலாம். சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆயினும் அந்த விளம்பரம் வரும் வரையில், கேழ்வரகுக் கொல்லையில் தகரம் தட்டிக்கொண்டு நின்றவன் குடியானவன்தான். ஆட்கொல்லிப் புலி வந்த ஊரார் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து சேரக் காத்துக் கிடந்ததன் காரணம் கோழைத்தனம் அல்ல. கையில் ஆயுதம் இல்லை என்பதுதான்.

புலி ஏன் மனிதனைத் தின்கிறது?

புலிக்கு மனிதன் இயல்பான இரையன்று. மனிதனைக் கண்டால் சாதாரணமாக அது ஒதுங்கிப் போய்விடும். குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டும் இதையே வற்புறுத்துகிறார். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண் புலியை அவர் 1907-ல் சுட்டார். அதன் வலப் பக்கத்துக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. ஏதோ பழைய துப்பாக்கிக் குண்டு செய்த வேலை அது. மானைப் பிடித்துக் கடிக்க முடியாத புலி, ஓடத் தெரியாத மனிதனிடம் வந்தது.

நம் பக்கத்துக் கதையும் இதற்குச் சான்று. இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கும் ஜவளகிரியில் பலரைக் கொன்ற பெண் புலி, ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டு சரியாகப் படாமல் காயம் பட்டதென்று ஆண்டர்ஸன் எழுதுகிறார். கும்மளாபுரத்துச் சிறுத்தை 42 உயிர்களைப் பலி கொண்டதாம். சூரியன் சாய்ந்தால் ஊர் முழுதும் கதவடைத்துவிடும். தெருவில் ஈ காக்கை இராது. ஆண்டர்ஸன் பல இரவுகள் காத்திருந்தும் அது தப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருக்குத் துணையானது ஓர் ஊர் நாய். அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு அவரையே சுற்றி வந்த அந்த நாய், இருட்டில் சிறுத்தை நெருங்குவதை முன்னதாக அறிந்து உறுமியது. அந்த உறுமலால் அவர் உயிர் பிழைத்தார். செத்த சிறுத்தையைப் பரிசோதித்தபோது, அதன் முன்னங்கால் விரல்களின் நடுவே முள்ளம்பன்றியின் முட்கள் இரண்டு முறிந்து புதைந்திருந்தனவாம். இரண்டு முட்கள், அதற்கு 42 மனிதர் விலை!

ஆகவே வேட்டைக்காரர்களின் முதல் விதி இதுவாயிற்று: நிச்சயமாகக் குறி கிடைத்தாலன்றிச் சுடாதே; சுட்டுக் காயப்படுத்திவிட்டால் எத்தனை நாளானாலும் பின்தொடர்ந்து முடித்துவிட்டு வா. பாதியில் வீடு திரும்பிய வேட்டைக்காரன் ஊருக்கு ஓர் ஆட்கொல்லியைப் பரிசளித்தவன் ஆகிறான்.

சுவடு சொல்லும் செய்தி

காட்டுப் பாதையில் புழுதிதான் தினசரிப் பத்திரிகை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கவனிப்பவை இவை.

புலியின் சுவடு அகன்றது. நகக் குறி தெரியாது, ஏனெனில் நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆண் புலியின் சுவடு ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். பெண் புலியினது சற்று நீண்டிருக்கும். சிறுத்தையின் சுவடு அதே ஜாடைதான்; ஆனால் சிறியது. கரடியின் பின்னங்கால் சுவடு மனிதப் பாதத்தைப் போலத் தோன்றி, முன்னே நீண்ட நகக் குறிகளைக் காட்டும். யானையின் முன்னங்கால் சுவட்டைக் கயிற்றால் சுற்றளந்து அதை இரட்டித்தால், ஏறக்குறைய யானையின் உயரம் கிடைத்துவிடும்.

சுவடு புதியதா, பழையதா? அதன்மேல் பனித்துளி விழுந்திருந்தால் மிருகம் இரவிலேயே போய்விட்டது. பூச்சிகள் குறுக்கே ஊர்ந்த கோடுகள் இருந்தால் அதுவும் நேரமானதற்கு அடையாளம். விளிம்பு கூர்மையாக, மண் உதிராமல் இருந்தால், நின்று சுற்றுமுற்றும் பார்ப்பது நல்லது. யானை லத்தியில் சூடு இருந்தாலும் அப்படியே.

செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்தே கொன்றது எதுவென்று பெரும்பாலும் சொல்லலாம். புலி சாதாரணமாகப் பின்தொடைப் பக்கம் தின்னத் தொடங்கும். சிறுத்தை பெரும்பாலும் வயிற்றைக் கிழித்து ஆரம்பிக்கும். முடிந்தால் இரையை மரத்தின்மேல் தூக்கியும் வைத்துக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லும். மரத்தின்மேலிருந்து குரங்கு விடாமல் கத்தினாலும், கடமான் கணீரென்று ஒலி எழுப்பினாலும், கேளையாடு குரைத்தாலும், புலியோ சிறுத்தையோ நடமாடுகிறதென்று கொள்ளலாம். பாட்டும் கூச்சலுமாக இருந்த காடு திடீரென்று மௌனமாகிவிட்டால் அதுவும் ஒரு செய்திதான்.

பரண்மேல் ஓர் இரவு

பரண்மேல் உட்கார்ந்து புலிக்குக் காத்திருப்பது பெரிய சுகமென்று நினைப்பவர்கள் ஒரு நாள் தங்கள் வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் முதல் விடியும் வரை, கொசுவை அடிக்காமல், இருமாமல், காலை மாற்றாமல் உட்கார்ந்து பார்க்கட்டும். வேட்டையில் பாதி அதுவே.

பரணை மறைக்கும் தழை அந்த மரத்துத் தழையாகவே இருக்க வேண்டும். வேறு மரத்துத் தழை காட்டிக் கொடுத்துவிடும். கயிறு இறுகும் ஓசை வராதபடி முன்னதாகவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பரண் கட்டிய ஆட்கள் பேசிக்கொண்டே திரும்பிப் போவது ஒரு யுக்தி. எல்லோரும் போய்விட்டார்களென்று பதுங்கியிருக்கும் புலி எண்ணிக்கொள்ளும். புலி மோப்பத்தைவிடக் கண்ணையும் காதையுமே அதிகம் நம்புகிறது என்பது வேட்டைக்காரர்களின் அநுபவம். ஆகையால் அசைவும் ஓசையுமே அங்கே ஆபத்து.

யானை இதற்கு நேர் விரோதம். அதற்குப் பார்வை மட்டு; மோப்பமோ அபாரம். யானைக் காட்டில் போகிறவர்கள் அடிக்கடி ஒரு சிட்டிகைச் சாம்பலையோ புழுதியையோ தூவிக் காற்றின் போக்கைப் பார்ப்பார்கள். காற்று நம் முகத்தில் அடித்தால் க்ஷேமம். முதுகில் அடித்தால் திரும்பிவிடுவதே விவேகம். மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் பயப்படாதே, அது நின்றுபோனால் பயப்படு என்பது பழைய வேட்டைக்காரர் வாக்கு. யானை நம்மை அறிந்துகொண்டுவிட்டது என்று பொருள்.

துப்பாக்கி போன பின்

1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடிவாளம் போட்டது. அதற்குள் பல காடுகளில் புலியே அருகிப் போயிருந்தது. இன்று மனிதர் உயிருக்கு அபாயமாகிவிட்ட மிருகத்தைக்கூட, ராஜ்யத்துத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவின்றித் தொடக் கூடாது. புலி, யானை போன்றவற்றை முதலில் பிடிக்கவோ, மயக்க ஊசி போட்டு வேறிடம் கொண்டுபோகவோ முயல வேண்டும். அது முடியாதென்று கண்ட பிறகே கொல்ல உத்தரவிடலாம். ஆண்டர்ஸன் திரிந்த காடுகளில் பெரும் பகுதி 2014-ல் காவேரி வடக்குச் சரணாலயமாகவும், 2022-ல் காவேரி தெற்குச் சரணாலயமாகவும் ஆயிற்று.

அதனால் தொல்லை தீர்ந்ததென்று சொல்ல முடியாது. பாலக்கோடு பக்கத்தில் பயிர்களை அழித்துவந்த ஒரு மக்னா யானையை 2023-ம் வருஷம் பிப்ரவரியில் பிடித்து ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். தந்தமில்லாத அந்த ஆண் யானை சில நாட்களுக்குள் அங்கிருந்து நடந்து கோயம்புத்தூர் நகருக்கே வந்துவிட்டது. மறுபடி பிடிக்க நேர்ந்தது. அடுத்த மாதம் 7-ந் தேதி மாரண்டஹள்ளிக்கு அருகில், பயிரைக் காக்கச் சட்ட விரோதமாகப் போட்ட மின்சாரக் கம்பியில் மூன்று பெண் யானைகள் பட்டு இறந்தன. இரண்டு குட்டிகள் செய்வதறியாது அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கம்பி கட்டியவனுடைய கஷ்டத்தையும் நாம் அறியாமலில்லை. ஒரே இரவில் ஒரு வருஷத்து உழைப்பு யானை வயிற்றில் போய்விடும். ஆனாலும் அந்தக் கம்பிக்கு யானை என்றும் அண்டை வீட்டுக் குழந்தை என்றும் பேதம் தெரியாது.

வேட்டைக்காரர்கள் கற்ற பாடம் இங்கேதான் இன்று உதவுகிறது. காட்டோரக் கிராமங்களில் உள்ளவர்களும், ஒகேனக்கலுக்கு உல்லாசமாகப் போகிற குடும்பத்தினரும் சிலவற்றை மனத்தில் வைக்கலாம். விடியுமுன்னும் இருட்டிய பின்னும் காட்டுப் பாதையில் தனியே நடக்கலாகாது. போக நேர்ந்தால் விளக்கோடும் பேச்சுக் குரலோடும் போக வேண்டும். குனிந்தோ குந்தியோ இருக்கும் மனிதன் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய மிருகம் போலத் தோன்றக் கூடும். இருட்டில் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பக் கூடாது. சிறுத்தை எதிர்ப்பட்டால் முதுகு காட்டி ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெள்ளப் பின்வாங்க வேண்டும். குட்டியோடு நிற்கும் யானையைப் படம் பிடிக்க வண்டியை விட்டு இறங்குவது வீரமன்று. காயமுற்ற மிருகத்தைக் கண்டால், கூட்டம் கூடிக் கல்லெறியாமல் வனத்துறையாருக்கு உடனே சொல்லி அனுப்ப வேண்டும்.

இவற்றையெல்லாம் புத்தகம் படியாமலே அறிந்தவர்கள் பைராவைப் போன்றவர்கள். சுவடு பார்க்கவும் காற்றறியவும் தெரிந்த காட்டு மக்கள் இன்றும் அம்மலைகளில் இருக்கிறார்கள். அவர்களிலிருந்து காவலர்களைத் தேர்ந்து, தகுந்த சம்பளமும் மரியாதையும் கொடுத்தால், யானை இறங்கும் வழியை முன்னதாகவே ஊருக்குச் சொல்ல ஆள் கிடைக்கும். அடுத்த முறை படம் எடுக்கும்போது அவர்களை நடுவில் நிறுத்தி, கீழே பெயரையும் போடட்டும்.