மைக் செட் தகராறுக்குப் போனேன். விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்தேன்!

(நமது நிருபர்)

"கோவில் திடல்ல மைக் செட் அலறுது. அடிதடி ஆகும் போல இருக்கு, சீக்கிரம் வாங்க!"

வண்டியூரில் இருந்து ராத்திரி வந்த போன் இது. செய்தி சிக்கியது என்று பைக்கில் பறந்தேன். மாரியம்மன் தெப்பக்குளத்தைத் தாண்டி ஊருக்குள் போனால், திடலில் 'வள்ளி திருமணம்' நாடகம். மேடையில் பபூனும் டான்ஸ்காரியும் கலகலக்க, கீழே ஏட்டையா, விழாக் கமிட்டிப் பெரியவர்கள், எதிர்வீட்டுக்காரர் என்று ஒரே வாக்குவாதம்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு சலுகை தந்தாலும் 12 மணியோடு சரி. வள்ளி மேடை ஏறுவதே அதற்குப் பிறகுதான்!

"மைக்கை நிறுத்துங்கய்யா. நாங்க தொண்டையிலே பாடிக்கிறோம்" என்றார் ஆர்மோனியக்காரர். தகராறு தீர்ந்தது.

பாயைச் சுருட்டிக் கொண்டு சனம் மேடையை நெருங்கியது. தினைப்புனத்தில் நின்று வள்ளி ஆலோலம் பாடினாள். கடைசி வரிசை வரை கணீரென்று கேட்டது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடித்தபோது என் கையில் இருந்த செல்போனை மறந்தே போனேன். சின்ன வயதில் தாத்தா மடியில் படுத்துக் கேட்ட அதே நாடகம்!

ஒத்திகை கிடையாது

இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். 1918-ல் இதே மதுரையில் பால சபை தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களைப் பழக்கியவர் அவர். அவர் காலத்தில் மைக் ஏது?

திரை மறைவில் டீ குடித்த நாரதரிடம் பேசினேன். "கொரோனாவிலே 2020, 2021 ரெண்டு வருஷமும் சீசன் போச்சு தம்பி. கொத்து வேலைக்குப் போனேன். சாதகத்தை மட்டும் விடலே" என்றார்.

பொழுது விடிய, முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் முடிந்தது. திரும்பிப் பார்த்தால், எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கை தட்டுகிறார்!

அடிதடிச் செய்தி கிடைக்கவில்லை. பங்குனி முதல் ஆடி வரை நாடக சீசன். உங்கள் ஊர்ச் சுவரில் நோட்டீஸ் பார்த்தால் ஒரு பாயோடு கிளம்புங்கள். மேடைக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள்!