பீடியும் பெருந்தமனியும்

தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம் பக்கத்துத் தெருக்களில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். சுற்றுவது பெரும்பாலும் பெண்கள், குடிப்பது ஆண்கள். பீடி என்றதும் நுரையீரல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் கைவரிசை வயிற்றுக்குள்ளும் உண்டு.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் புகை பிடித்தால் அதன் சுவர் தளர்ந்து புடைக்கலாம். 3 செ.மீ. ஆகிவிட்டால் அதற்குப் பெயர் அனியூரிசம். பெரும்பாலும் வலியே இருக்காது. குற்றால அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும் பெரியவருக்கு அது இருந்தாலும் அவருக்கே தெரியாது. வெடித்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. பைப் புகைத்த ஐன்ஸ்டைன் 1955இல் இறந்தது இதனால்தான்.

வயிற்றில் ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் அழைக்கிறார்கள். அமெரிக்காவிலோ 65 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் எப்போதாவது புகைத்தவர்களுக்கே முதல் பரிந்துரை. நமக்கு அமெரிக்க முறைதான் பொருந்தும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பரிசோதித்தபோது, தெற்காசிய வம்சாவளி ஆண்களிடம் இந்தப் புடைப்பு வெள்ளையரைவிட மிகக் குறைவாகவே இருந்தது. எல்லோருக்கும் எடுத்தால் காசும் நேரமும்தான் வீண். இன்னொரு வேடிக்கை: சர்க்கரை நோயாளிகளுக்கு இது வருவது குறைவு. ஆகவே சர்க்கரை நோயாளிகள் பட்டியலை வைத்துக்கொண்டு அனியூரிசம் உள்ளவர்களைத் தேட முடியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்க்கிறது. ஸ்கேன் கருவியை அப்படித் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்குக் கடும் கட்டுப்பாடு. அது தேவையான கட்டுப்பாடும்கூட. கருவி ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், கேள்வி வீட்டுக்குப் போகலாம்.

"அண்ணாச்சி, வயசு அறுபத்தஞ்சு ஆச்சா? பீடி குடிச்ச பழக்கம் உண்டுமா?"

"அதை விட்டு இருவது வருசமாச்சே" என்று பதில் வந்தாலும் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கணக்கில் வாழ்நாளில் 100 சிகரெட் பிடித்திருந்தாலே புகைத்தவர்தான். அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்ததா என்று மூன்றாவதாக ஒரு கேள்வி. அப்படித் தேறுகிறவர்களை மட்டும் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும்.

இங்கிலாந்து நடைமுறைப்படி 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் மறுபடி வரவே வேண்டாம். 4.4 வரை ஆண்டுக்கொரு ஸ்கேன், அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 5.5 ஆனால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு.