மேட்டில் நிற்கட்டும், கடலோரம் வடியட்டும்

கடலோர வெள்ளத்தைப் பற்றி கண்ணமங்கலத்திலிருந்து எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்க ஊருக்கும் கடலுக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கு. ஆனால் தண்ணீருக்கு அது ஒரே பாதை. ஜவ்வாது மலையில் பெய்யும் மழை நாகநதியாக எங்க ஊரைத் தொட்டு, ஆரணிப் பக்கம் கமண்டல நதியோடு சேர்ந்து செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் தாண்டிக் கடலில் சேர்கிறது. இங்கே நாம் தண்ணீரை எப்படி நடத்துகிறோமோ, அதன் பலனைக் கடலோர உழவர் அனுபவிக்கிறார்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனால் மழை வந்தால் கொட்டித் தீர்க்கிறது, இல்லையென்றால் காய்கிறது. பல வருடம் மணலாகக் கிடந்த பாலாறு 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். வரப்பு இல்லாத, மரம் இல்லாத மேட்டு நிலத்தில் அதில் பெரும்பங்கு ஓடிப்போய்விடும். வெள்ளமாகச் சேர்வது அதுதான்.

கடலோரத்தில் வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி உப்பு. உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் லேசானது. அதனால் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அந்த ஒரு அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். வாயலூரில் பாலாற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியதும் இந்த உப்பைத் தள்ளி நிறுத்தத்தான். ஆனால் மேலே இருந்து தண்ணீர் வராவிட்டால் தடுப்பணை மட்டும் என்ன செய்யும்?

அதற்கான வேலை எங்க நாகநதிப் படுகையில் நடந்திருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓடைகளில் கல் தடுப்பு போட்டார்கள். உறை இறக்கி, நீர் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தார்கள். ஓடுகிற வெள்ளம் அந்தக் கிணறுகள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மனதின் குரல்' உரையிலும் இந்தப் பெண்களின் உழைப்பு பேசப்பட்டது.

"மேல தேக்கிட்டா எங்களுக்கு என்ன வரும்?" என்று கீழ்ப்பகுதி உழவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மெல்ல நகர்ந்து, மழை விட்ட பிறகும் ஆற்றில் கசியும். ஆனால் செறிவூட்டிய தண்ணீரையெல்லாம் நாமே போர் போட்டு உறிஞ்சி, கரும்புக்கும் மூணு போக நெல்லுக்கும் பாய்ச்சினால் கீழே ஒன்றும் போகாது. ஆகவே மேட்டு நிலத்துக்கு மணிலா, கேழ்வரகு, சாமை என்று தண்ணீர் குறைவாகக் கேட்கிற வெள்ளாமையும், மூடாக்கும் வேண்டும். ஆற்று மணலும் ஒரு தொட்டிதான். மணலை அள்ளுகிறவர் தொட்டியையே தூக்கிக்கொண்டு போகிறார்.

கடலோரத்தில் வேலை வேறு. அங்கே தண்ணீர் வடிய வழி வேண்டும், உப்பைத் தாங்கும் விதை வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் நம்மாழ்வார் ஐயாவும் இயற்கை உழவர்களும் செய்ததை மறக்கக் கூடாது. கடல் கொண்டுவந்து போட்ட சேற்றை வழித்தெடுத்தார்கள். குழிவெட்டித் தழையும் மட்டையும் நிரப்பினார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதார்கள். குழியடிச்சான் போன்ற உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் போட்டு அறுவடையும் கண்டார்கள்.

கேரளத்துப் பொக்காளி உழவர்கள் இன்னும் ஒரு படி மேலே. கோடையில் வயலில் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவிக்கிறார்கள். ஜூன் மழை அதிலுள்ள உப்பைக் கழுவியதும் முளைகட்டிய விதையை அதன் மேல் இடுகிறார்கள். நாற்று வளர்ந்ததும் கூம்பை வெட்டிப் பரப்பிவிடுகிறார்கள். அறுவடைக்குப் பின் மதகைத் திறந்து கடல் தண்ணீரை விட்டு, அதே வயலில் இறால் வளர்க்கிறார்கள். உரம் இல்லை, மருந்து இல்லை. 2008-ல் பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்ய வேண்டியது இதுதான். மேட்டு நிலத்து உழவர்கள் சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயர்த்துங்கள். 50 அடிக்கு 50 அடி, 5 அடி ஆழத்தில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டினால் ஒரு நிறைப்புக்கு மூன்றரை லட்சம் லிட்டர் நிற்கும். ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயையும் கலங்கலையும் ஒருமுறை நடந்து பாருங்கள். அடைப்பு இருந்தால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். கடலோர உழவர்கள் வடிகாலில் ஆகாயத்தாமரையை அகற்றுங்கள். ஒரு கால் ஏக்கரிலாவது உப்பைத் தாங்கும் நெல்லைப் போட்டு, அடுத்த வருடத்துக்கு விதை எடுத்து வையுங்கள். நிலத்தில் உப்பு ஏறிய பிறகு விதை தேடி அலைந்தால் அந்தப் பட்டம் போய்விடும்.