கேரர்ஸ் அலவன்ஸ்: மகள் வாங்கினால் அம்மாவுக்குக் குறையுமா?

லண்டனில் ஆன்சைட்டில் இருந்தபோது பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் போன மாதம் போன் பண்ணினார். "தம்பி, நான் எழுதிப் போட்டா அம்மாட காசைக் குறைப்பினமோ?" என்றார். நான் வக்கீல் இல்லை, கோட் எழுதுகிறவன். ஆனால் இந்த விதிகளும் ஒருவகையில் இஃப் கண்டிஷன்கள்தானே என்று உட்கார்ந்து படித்தேன்.

அக்காவின் அம்மா தனி வீட்டில் இருக்கிறார். முழு அரசு ஓய்வூதியமும் அட்டெண்டன்ஸ் அலவன்சும் வருகின்றன. வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் அக்காதான் பார்த்துக்கொள்கிறார். வாரச் சம்பளம் 196 பவுண்டுக்குள். ஆக, கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டு கேட்க அவருக்குத் தகுதி உண்டு. (எல்லாம் 2025-26 கணக்கு.)

இதனால் அம்மாவின் அட்டெண்டன்ஸ் அலவன்சில் ஒரு பென்னி கூடக் குறையாது. வயது குறைந்தவர்கள் வாங்கும் பிப் உதவியும் அப்படியே. பெரும்பாலானவர்கள் இதோடு கேள்வியை மூடிவிடுகிறார்கள். வம்பு இருப்பது பென்ஷன் கிரெடிட்டில்.

தனியாள் ஒருவருக்கு வாரம் 227.10 பவுண்டாவது வரவேண்டும் என்பது பென்ஷன் கிரெடிட்டின் கணக்கு. கடுமையான ஊனம் இருந்து, தனியாக வசித்து, அவரைக் கவனிப்பதற்காக யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்காமல் இருந்தால் அதோடு 82.90 சேர்ந்து 310 ஆகும். அம்மாவின் ஓய்வூதியம் 230.25. மீதி 79.75-ஐ அரசு தருகிறது. அக்காவுக்குப் பணம் வர ஆரம்பித்ததும் அந்த 82.90 போய்விடும். 230.25 என்பது 227.10-ஐவிட அதிகம், அதனால் பென்ஷன் கிரெடிட்டே நின்றுவிடும்.

குடும்பக் கணக்கில் பார்த்தால் வாரம் 3.55 பவுண்டு லாபம், அதுவும் வரி போடக்கூடிய பணம். ஆனால் பென்ஷன் கிரெடிட்டைத் தொற்றிக்கொண்டு வரும் இலவசப் பல் வைத்தியம், 75 வயதுக்குப் பிறகு இலவச டிவி லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து போகும். வாடகை உதவி, கவுன்சில் வரிச் சலுகையை மறுபடி கணக்குப் போடுவார்கள். மூணரைப் பவுண்டுக்கு இது தேவையா?

மகள் யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்தால் இன்னும் மோசம். கேரர்ஸ் அலவன்சை அதில் முழுசாகக் கழித்துவிட்டு, மாதம் 201.68 மட்டும் கூட்டித் தருவார்கள். அலவன்ஸ் கேட்காமல் இந்தக் கூடுதலை மட்டும் வாங்கினாலும் அம்மாவின் 82.90 போய்விடும்.

எல்லோருக்கும் இப்படி இல்லை. மகள் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தால் பொதுவாக அந்த 82.90 முதலிலேயே கிடையாது, தாராளமாக விண்ணப்பிக்கலாம். கவனிப்பவரே ஓய்வூதியம் வாங்குபவர் என்றால், அது அலவன்சைவிட அதிகமாக இருக்கும்போது கேரர்ஸ் அலவன்ஸ் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும், கைக்கு வராது. கைக்கு வராத பணம் யாருடைய தொகையையும் குறைக்காது. எனக்குப் பிடித்த விதி இதுதான். காரணம், அந்தக் காகிதத் தகுதியை வைத்தே அவருடைய சொந்த பென்ஷன் கிரெடிட்டில் கூடுதல் கேட்கலாம்.

ஏற்கெனவே வாங்க ஆரம்பித்துவிட்டவர்கள் அம்மா பக்கத்தில் உடனே தெரிவிக்கவேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாக வந்த பணத்தை அம்மாவிடமே திருப்பிக் கேட்பார்கள்.

அக்காவுக்கு ஒரே கவலை, தன்னுடைய எதிர்கால ஓய்வூதியத்துக்கான இன்சூரன்ஸ் வருடங்கள். அதற்கு கேரர்ஸ் கிரெடிட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வாரம் 20 மணி நேரம் கவனித்தால் போதும். காசு வராது, வருடம் பதிவாகும், அம்மாவின் பணத்தைத் தொடாது. போன வாரம் அதற்குத்தான் எழுதிப் போட்டிருக்கிறார்.