கேட்கத் தெரிந்த முகம்

மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் விறகு விற்ற லீலை நடக்கும் நாளில், வீதியில் நிற்கும் பெரியவர் யாரிடமாவது அந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள். விறகு சுமந்த ஈசனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார். மூன்றாவது வார்த்தையில் டி.எஸ்.பாலையா வந்துவிடுவார். கடவுளின் திருவிளையாடலில் தோற்றுப்போன ஒருவரை இந்த ஊர் இத்தனை பிரியமாக நினைவில் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அந்த ஹேமநாத பாகவதராக வந்தவர் பாலையா என்பதுதான்.

ஏ.பி.நாகராஜன் இயக்கிய அந்தப் படத்தில் பாண்டியன் சபைக்கு வந்து சவால் விடும் பாகவதருக்கு எம்.பாலமுரளிகிருஷ்ணா ஒரு ராகமாலிகை பாடியிருக்கிறார். மகத்தான குரல். ஆனால் அந்தக் குரலுக்குள் இருக்கும் செருக்கைக் கண்ணால் பார்க்கவைத்தவர் பாலையா. சபையை அளக்கும் பார்வை, சீடர்களின் பக்கம் ஒரு திரும்பல், ‘இதற்கு மேல் யார் இருக்கிறார்கள்’ என்று கேட்கும் கழுத்தின் நிமிர்வு. பாடத் தெரிந்தவர்களே நம்பிவிடும் அளவுக்கு அந்தக் குரல் அவர் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய காட்சி அடுத்து வருகிறது. அன்றிரவு விறகுக்காரராக வந்த ஈசன் பாடுகிறார். பாடுவது சிவாஜி, குரல் நம் மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜனுடையது. பாகவதருக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான்: கேட்க வேண்டும். பாலையா கேட்கிறார். முதலில் அலட்சியம், பிறகு ஒரு திடுக்கிடல், பிறகு கர்வம் படிப்படியாக இறங்கி, கடைசியில் சங்கீதத்தின் முன்னால் கைகட்டி நிற்கும் ஒரு மாணவன். சிவாஜி பாடியது தெய்வப் பாட்டு என்று நமக்குச் சொல்வது இந்த முகம். அது நம்பியிராவிட்டால் நாமும் நம்பியிருக்கமாட்டோம்.

குணச்சித்திர நடிகர்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதைத்தான். அவர்களுடைய பெரிய கலை, கேட்பது.

ஒரு நாற்காலியும் ஒரு முகமும்

‘திருவிளையாடல்’ படத்துக்கு முந்தைய வருடம், 1964. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. நாகேஷ் வாயாலேயே அத்தனை சத்தமும் எழுப்புகிறார், குனிகிறார், நெருங்குகிறார். பாலையாவுக்கு வசனம் சொற்பம். ஆனால் அவர் கண் விரிவதும் தொண்டை அடைப்பதும் பயத்தை மறைக்கப் பார்த்துத் தோற்பதும் இல்லாவிட்டால், நாகேஷின் அத்தனை உழைப்பும் சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பியிருக்கும். அடுத்த முறை அந்தக் காட்சி வந்தால் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். வேறொரு படம் கிடைக்கும்.

மதுரை என்னும் பள்ளிக்கூடம்

இந்தக் கேட்கும் கலை எங்கிருந்து வந்தது? என் பதில், சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியிலிருந்து. அந்தப் பாய்ஸ் கம்பெனிகளின் தாய்வீடு மதுரை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கேதான் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். ஜெகந்நாத ஐயரின் ‘மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை’யில் எம்.ஆர்.ராதா இருந்தார். ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’யில் எம்.ஜி.ஆரும் பி.யு.சின்னப்பாவும் இருந்தார்கள், அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காளி என்.ரத்தினமும் இருந்தார். நவாப் ராஜமாணிக்கத்தின் ‘மதுரை தேவி பால வினோத சங்கீத சபா’வில் 13 வயதில் சேர்ந்த பையன்தான் எம்.என்.நம்பியார்.

அங்கே ஒரு பையன் தன் வேஷத்தை மட்டும் படித்தால் போதாது. ராஜபார்ட் என்ற கதாநாயக வேஷக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவன் ஏற வேண்டும். ஆகவே இரவெல்லாம் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று எல்லாருடைய பாடத்தையும் காதில் வாங்க வேண்டும். அதோடு மகரக்கட்டு என்ற கண்டம் வேறு. குரல் உடையும் வயதில், நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையனுக்குப் பாட்டு போய்விடும், பெரிய வேஷமும் கூடவே போய்விடும். பாட்டை இழந்தவனுக்கு மிச்சம் இருப்பது முகமும் பேச்சும் உடம்பும்தான். அதை வைத்துப் பிழைக்கக் கற்றவர்கள் எந்த வேஷத்தையும் சின்னதென்று நினைக்கமாட்டார்கள்.

மேடையில் பாடம் பண்ணியவர்களுக்கு வயதும் ஒரு தடையாக இருந்ததில்லை. மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் பிறந்த வி.கே.ராமசாமி, ‘நாம் இருவர்’ (1947) படத்தில் கள்ளச் சந்தைக்காரக் கிழவராக வந்தபோது அவருக்கு 21 வயதுதான். அதன்பின் அரை நூற்றாண்டு தமிழ் சினிமாவின் அப்பாவாகவும் பெரியப்பாவாகவும் மாமனாராகவும் இருந்தார். கிழக்கே மானாமதுரையில் பிறந்த காந்திமதி, ‘16 வயதினிலே’ (1977) படத்தில் கதாநாயகி மயிலின் அம்மா குருவம்மாள். ‘மண்வாசனை’யில் (1983) கிழவியாக வந்தபோது நாற்பதைக்கூடத் தொடவில்லை. அவர் பேசிய பேச்சைக் கேட்டால், வைகைக் கரையில் ஏதோ ஒரு திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா எழுந்து வந்துவிட்டதுபோல இருக்கும்.

அங்கேயும் ஒரு பாலையா

ஆங்கிலப் படம் என்றால் மதுரைக்கு ரீகல் டாக்கீஸ்தான். விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டடத்தில் இருந்த அந்தக் கொட்டகை, ஹாலிவுட்டை இந்த ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தது. பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்கள் ஞாபகம் வரும். வால்டர் பிரென்னன் தன் நாற்பது வயதுகளிலேயே பொக்கைவாய்க் கிழவராக வருவார். நமக்கு வி.கே.ஆர். நினைவு தட்டும். தாமஸ் மிட்செல் 1939 என்ற ஒரே வருடத்தில் ‘ஸ்டேஜ்கோச்’, ‘கான் வித் த விண்ட்’ உட்பட ஐந்து படங்களில் ஐந்து ஆளாக வந்து நிற்பார்.

இதில் ஓர் ஒற்றுமை என்னை எப்போதும் நெகிழவைக்கும். பாலையாவின் முதல் படம் ‘சதி லீலாவதி’, 1936. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கன். அவருக்குத் தமிழ் தெரியாது. நடிகரின் முகத்தைத்தான் அவர் நம்பியிருக்க வேண்டும். அதே 1936இன் படங்களுக்குத்தான் ஆஸ்கரில் துணை நடிகருக்கென்று முதன்முதலாகத் தனி விருது வந்தது. அதை வாங்கியவர் பிரென்னன். ஐந்தே வருடங்களில் மூன்று முறை வாங்கினார்.

நம் தேசிய விருதுகளில் துணை நடிகருக்கென்று ஒரு பிரிவு வர 1984 ஆகிவிட்டது. அதற்குள் பாலையா போய் 12 வருடம், எஸ்.வி.ரங்காராவ் போய் 10 வருடம். ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பாரதியாகவே நம் மனதில் தங்கிவிட்ட எஸ்.வி.சுப்பையாவும் 1980இல் போய்விட்டார். பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு வந்த பாயசம் அது.

பக்கவாத்தியம்

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாயனம் ஒலிப்பது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சில். அதைத் திரையில் வாசிப்பவர், சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி. பக்கத்தில் தவிலோடு கலியுக நந்தி முத்துராக்காகப் பாலையா. சண்முகசுந்தரம் கோபத்தில் எழுந்தால் இவர் கண் அவரைத் தொடர்ந்து எழுகிறது. ரயில் பெட்டியில் அவரும் நாயகி மோகனாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டால், அதைக் கண்டுகொண்டு காணாததுபோல இருக்கும் பக்குவமும் இவரிடம்தான். தவில்காரருக்குத் தெரியும், நாயனக்காரர் எங்கே மூச்சு வாங்குவார் என்று. அந்த இடத்தில் தாளம் விழுந்தால்தான் கச்சேரி நிற்கும்.

மதுரையில் தமிழ்நாடு நாடக நடிகர் சங்கம் இன்றும் சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளுக்கு வருடந்தோறும் குருபூஜை நடக்கிறது. அந்தப் பரம்பரை சினிமாவுக்குக் கொடுத்த முகங்களுக்கும் இந்த ஊரில் ஓர் இடம் வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளின் படங்களும் பாடப் புத்தகங்களும் அந்த நடிகர்களின் பெயர்களும் இருக்கும் ஒரு சின்னக் கூடம் போதும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. அடுத்த ஆவணியில் சுவாமி விறகு சுமந்து வரும்போது, பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள். ஜெயித்தவர் ஈசன். ராவோடு ராவாக ஊரை விட்டுப் போனவர் பாகவதர். அவர் எப்படிக் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.