இறங்கி ஏறும் ஸீட் கம்பம்: மலைச் சைக்கிளுக்கு அது தேவையா?

சைக்கிள் ஏறிப் பழகியவர் எவருக்கும் ஒரு சங்கடம் தெரிந்தே இருக்கும். ஸீட்டை உயர்த்தி வைத்தால் பெடலை மிதிப்பது இலேசாக இருக்கிறது. ஆனால் இறக்கம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, நிறுத்தினால் கால் தரையை எட்டுவதில்லை. தாழ்த்தி வைத்தால் பயம் நீங்குகிறது. அரை மணி நேர ஏற்றத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது. சமவெளிச் சாலையில் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் உயரத்தைத் தெரிந்துகொண்டு காலம் தள்ளிவிடலாம். மலைப்பாதையிலோ ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதால் நடுவழி என்பது இரண்டுக்கும் உதவாத வழியாகப் போய்விடுகிறது. இச்சங்கடத்தைத் தீர்க்க வந்ததே, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியிலுள்ள ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஸீட்டை இறக்கவும் ஏற்றவும் உதவும் கம்பம். மேனாட்டார் இதனை ‘டிராப்பர் போஸ்ட்’ என்பர். இது பணம் கொடுத்து வாங்கத்தக்கதுதானா என்பதைப் பௌதிக முறைப்படி ஆராய்வோம்.

ஸீட் ஏன் உயரமாக இருக்க வேண்டும்? பெடல் தன் வட்டத்தின் அடியில் இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ நேராகி, 25 முதல் 35 பாகை வரை மட்டுமே மடங்கியிருந்தால் தொடைத் தசை தன் முழு வலிமையையும் செலுத்த இயலும். பந்தய வீரர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ஒரு கணக்கின்படி, காலின் உட்புற நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சாணியின் மையத்திலிருந்து ஸீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். உட்புற நீளம் 80 செ.மீ. உடையவருக்கு இது சற்றேறக்குறைய 70.6 செ.மீ. ஆகும். நம் ஊர்ப் பாதைகளில் பலர் இதைவிட ஒரு சாண் தாழ்த்தி உட்கார்ந்து, முழங்காலை மார்பு வரை தூக்கி மிதித்துச் செல்வதைக் காண்கிறோம். அவர்கள் வீணாக்கும் உழைப்பு கொஞ்சமன்று.

இனி இறக்கத்துக்கு வருவோம். உடலும் சைக்கிளும் சேர்ந்த புவியீர்ப்பு மையம், முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற இரண்டு அளவுகளே இங்கு முக்கியம். ஸீட் உயரமாக இருக்கையில் அது 65 செ.மீ. பின்னாலும் 110 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.59 வரும். இந்த எண்ணை டான்ஜென்ட்டாக உடைய கோணம் ஏறத்தாழ 31 பாகை. வேகம் கூடாதபடி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இதைவிடச் செங்குத்தான சரிவில் இறங்கினால், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகீழாய் விழுவார். ஸீட்டை இறக்கிவிட்டு, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்தள்ளினால் மையம் 10 செ.மீ. தாழ்ந்து 10 செ.மீ. பின்னும் செல்வதாகக் கொள்ளலாம். அப்போது 75-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும். கோணம் 37 பாகையாகிறது.

ஆறு பாகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பிரேக் பிடிக்கும் வலிமையில் இதன் பயன் பெரிது. 15 பாகைச் சரிவில் இறங்கும் ஒருவர் திடீரென நிறுத்த வேண்டியிருக்கிறது என்போம். குப்புற விழாமல் அவர் பெறக்கூடிய எதிர்முடுக்கம், ஸீட் உயர்ந்த நிலையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.31 பங்கு, தாழ்ந்த நிலையில் 0.47 பங்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் முதல் நிலையில் 4.1 மீட்டரில் நிற்பார், இரண்டாவதில் 2.7 மீட்டரில் நிற்பார். குறுக்கே ஒரு மாடோ குழந்தையோ வரும்போது இந்த 1.4 மீட்டரின் மதிப்பு விளங்கும். உயர்வகுப்பு மாணவர்களுக்குத் திரிகோண கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்; பிள்ளைகளுக்கு இது ஏணியும் சுவருமான கணக்கைவிட உவப்பாக இருக்கும்.

எனினும் ஒரு விஷயத்தை மறைக்கலாகாது. மேற்கண்ட கணக்கு, டயருக்குத் தரையில் நல்ல பிடிப்பு இருந்தால் மட்டுமே பொருந்தும். 2.7 மீட்டரில் நிற்க வேண்டுமாயின் உராய்வுக் குணகம் 0.75 இருத்தல் வேண்டும். உலர்ந்த கெட்டியான நிலத்தில் அது கிடைக்கலாம். உதிரிச் சரளையிலும் ஈரச் சேற்றிலும் அதில் பாதியளவே கிடைப்பதும் உண்டு. அங்கே ஓட்டுபவர் குப்புற விழுமுன் சக்கரமே சறுக்கிவிடும். ஸீட்டை எவ்வளவு தாழ்த்தினாலும் நிற்கும் தூரம் குறையாது. விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. அப்படியாயின் சரளையில் இக்கம்பம் பயனற்றதா எனின், அன்று. முன் சக்கரம் ஒரு கல்லில் மோதும்போதோ பள்ளத்தில் விழும்போதோ சைக்கிள் நம் அடியில் துள்ளுகிறது. உயர்ந்த ஸீட் அப்போது இடுப்பில் இடித்து உடலை முன்னே எறிகிறது. ஸீட் விலகியிருந்தால் முழங்காலும் முழங்கையும் ஸ்பிரிங்குகளைப் போல மடங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். சைக்கிளை இடமும் வலமும் சாய்த்து வளைவில் திரும்பவும் இடமுண்டாகும். என் கருத்தில் இக்கம்பத்தின் உண்மையான பயன் பிரேக் கணக்கைவிட இதில்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் தோன்றிய இடமும் மலைச் சைக்கிள் பிறந்த இடமும் ஒன்றே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் கவுண்ட்டியில் பேர்பாக்ஸ் என்னும் ஊருக்கருகே ஒரு மண் பாதை இருக்கிறது. சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் அது 400 மீட்டர் இறங்குகிறது. 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் அங்கே இறக்கப் பந்தயம் தொடங்கினர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் பெரும்பாலும் இருந்தது. ஒருமுறை இறங்கினாலே அச்சுக்குடத்திலுள்ள கிரீஸ் வெந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால் ‘மறுபடி நிரப்பு’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே பாதைக்குப் பெயராயிற்று. கேரி பிஷர் என்பவர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது அங்கே நிலைத்த சாதனை. அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கெனவே சட்டம் அமைத்துப் புதிய சைக்கிளைக் கட்டினார். பின்னர் 1980களில் அவரும் ஜாஷ் ஏஞ்சலும் ‘ஹைட்-ரைட்’ என்ற எளிய சாதனத்தை வெளியிட்டனர். ஒரு முறுக்குக் கம்பிச் சுருளின் ஒரு முனை ஸீட் கம்பத்திலும் மறுமுனை அதனைப் பிடித்திருக்கும் கவ்வியிலும் மாட்டப்பட்டிருக்கும். கவ்வியின் நெம்புகோலைத் தளர்த்தி உடற்பளுவால் அழுத்தினால் ஸீட் இறங்கும். எழுந்தால் சுருள் அதனைத் தூக்கும். திசை மாறாமலும் காக்கும். சில கிராம் எஃகுக் கம்பியில் இவ்வளவு காரியம்! எனினும் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தொடைகளுக்கிடையே நீட்டியாக வேண்டும். 1990களில் எடைக் குறைப்பு மோகம் ஓங்கவே, இச்சாதனம் வழக்கொழிந்தது.

இன்றைய கம்பம் ஒன்றினுள் ஒன்று செருகிய இரண்டு குழாய்களால் ஆனது. உட்குழாயில் அழுத்தப்பட்ட வாயு, பெரும்பாலும் காற்று அல்லது நைட்ரஜன், ஸ்பிரிங்காக நின்று ஸீட்டை மேலே தள்ளுகிறது. அதனோடு எண்ணெய் நிரம்பிய இரு அறைகளும் அவற்றிடையே ஒரு வால்வும் உண்டு. கைப்பிடி நெம்புகோல் ஒரு கம்பி வடத்தால் வால்வைத் திறக்கிறது. திறந்த நிலையில் உட்கார்ந்தால் எண்ணெய் ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் பாய, வாயு நசுங்கி, ஸீட் இறங்குகிறது. எழுந்தால் வாயு விரிந்து ஸீட் ஏறுகிறது. வால்வை மூடியதும் எண்ணெய் நகர வழியில்லை; எண்ணெயோ அழுத்தினால் சுருங்காத பொருள்; ஆகவே ஸீட் எந்த உயரத்திலும் பூட்டியதுபோல் நிற்கிறது. இதனை வகுப்பறையில் விளக்க ஊசியில்லாத மருந்துக்குழல் ஒன்று போதும். காற்றை இழுத்து நுனியை விரலால் மூடி அழுத்தினால் தண்டு உள்ளே சென்று துள்ளித் திரும்பும். நீரை நிரப்பிக் குமிழியின்றி மூடி அழுத்தினால் அசையாது. ஒரே ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டால் சிறிது தளர்ச்சி தோன்றும். பழுதான கம்பத்தில் ஸீட் மெத்தென்று அமுங்குவது இக்குமிழியின் வேலையே.

பயன் இவ்வாறாக, செலவைப் பார்ப்போம். சாதாரணக் கம்பத்தைவிட இது ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் கூடுதல் எடையுள்ளது. ஆளும் சைக்கிளும் 80 கிலோகிராம் எனக் கொண்டால் 400 கிராம் என்பது 200-ல் ஒரு பங்கு. ஒரு மணி நேர ஏற்றத்தில் இதனால் ஏற்படும் தாமதம் 18 விநாடிக்கு மேற்படாது. வழியில் ஒருமுறை இறங்கி நின்று, கவ்வியைத் தளர்த்தி ஸீட்டைக் கையால் இறக்கி மீண்டும் இறுக்குவதற்கே இதைவிட நேரம் பிடிக்கும். எனவே எடையைக் காரணங்காட்டி இதனை வேண்டாமென்பது பொருந்தாது. பந்தய வீரர்களும் இதனை உணர்ந்துவிட்டனர். 2022 மார்ச்சில் இத்தாலியின் மிலான்-சான் ரெமோ சாலைப் பந்தயத்தில் சுலோவேனியாவின் மாதேய் மொஹோரிச் இத்தகைய கம்பத்தைப் பூட்டிக்கொண்டு, போஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் மற்றவர்களை விட்டுப் பிரிந்து வெற்றி பெற்றார். ஸீட்டை விட்டு மேற்குழாயின்மேல் குந்தி இறங்கும் முறையை 2021-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் தடை செய்திருந்ததையும் இங்கு நினைக்க வேண்டும். ஸீட்டில் அமர்ந்தபடியே தாழ்வதற்கு இதனால் ஒரு வழி கிடைத்தது.

விலைதான் தடை. சில ஆயிரம் ரூபாய் முதல் பல்லாயிரம் வரை ஆகிறது. ஒரு சாதாரண சைக்கிளையே அத்தொகைக்கு வாங்கிவிடலாம். லே நகரில் 2022-ல் உலகக் கோப்பைப் பந்தயமே நடந்தது என்றாலும், நம் நாட்டில் சைக்கிள் பெரும்பாலும் பந்தயப் பொருளன்று, பிழைப்புக்கான வாகனம். கிராமச் சாலையிலும் கால்வாய்க் கரையிலும் பணி நிமித்தம் செல்லும் ஊழியருக்கு இது வேண்டியதில்லை. ஸீட்டை முறையான உயரத்தில் வைத்துக்கொண்டாலே அவருக்கு முக்கால் பயன் கிட்டிவிடும். ஒரே நீண்ட ஏற்றமும் ஒரே நீண்ட இறக்கமுமாக உள்ள பாதையில் செல்பவருக்கு, ஸ்பானர் இன்றிக் கையாலேயே தளர்த்தும் கவ்வி போதும். உச்சியில் ஒருமுறை நின்றால் நட்டமில்லை. கல்லும் வேருமான பாதையில் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்குபவருக்கும், மலைச் சைக்கிள் புதிதாகப் பழகுபவருக்குமே நான் இதனைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். தேர்ந்தவர் ஸீட் உயர்ந்திருந்தும் சமாளிப்பார். புதியவரே கைப்பிடிக்கு மேலாக விழுகிறார்.

வாங்குவோர் முதலில் தம் சைக்கிளின் ஸீட் குழாயை அளந்துகொள்ள வேண்டும். 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர் என்பன வழக்கிலுள்ள கம்ப அளவுகள். கால் மில்லிமீட்டர் வேறுபட்டாலும் பொருந்தாது. கவ்வியை மிகையாக இறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து, ஸீட் மேலேறத் தயங்கும். ஏறாத கம்பத்தைப் பழுதென்று கருதிப் பிரிக்குமுன் அக்கவ்வியைச் சிறிது தளர்த்திப் பார்ப்பது நன்று. ஸீட் இறங்கியிருக்கும்போது அதனைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்கலாகாது. பல வகைகளில் அவ்வாறு தூக்கினால் காற்று எண்ணெயறைக்குள் இழுக்கப்படும். உட்குழாயில் படியும் புழுதியை ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். புழுதி ரப்பர் வளையத்தை அராவிவிடும். வாயு நிறைந்த பகுதியை, அழுத்தத்தை வெளியேற்றாமல் எவரும் திறக்கக் கூடாது.